கடைசிப் பாட்டில் ஏழு அடி

தகரம் என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். பகலில் கார் பட்டறையில் நசுங்கிய தகட்டைத் தட்டி ஒடுக்கு எடுப்பான். சாயங்காலம் ஒரு பாண்டில் டிரம்ஸ் அடிப்பான். இடையில் மனிதர்களையும் அடிப்பான். ஆர்கன் வாசிப்பவரின் முன்பல் ஒன்று அவன் உபயத்தில் போனது. வீட்டுக் குளியலறைக் கதவில் அவன் முஷ்டி அளவுக்கு ஒரு பொத்தல். மனைவி மேல் மட்டும் கை வைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் விலாவை உடைத்த அன்று அவள் சொல்லிவிட்டாள்: "இன்னொரு ஆள அடிச்சீங்கன்னா இந்த வீட்ல உங்களுக்கு இடம் இல்ல."

பாண்டு சைக்கடெலிக் ராக் வாசிப்பது. ஒரு பாட்டு பத்து நிமிடம் போகும். கிட்டார் புகையாகச் சுருண்டு எழ, அடியில் தகரம் இடித்துக்கொண்டிருப்பான். கிட்டார்காரன் அவன் மச்சான், மனைவியின் தம்பி. புது ஆல்பத்துக்கு அவன் வேறு சத்தம் தேடினான். மெதுவாக, மிதக்கிற மாதிரி. பதிவு அறையில் கடைசிப் பாட்டுக்கு வந்தபோது சொன்னான்:

"மாமா, இந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வேண்டாம்."

"அப்ப நான் என்ன, வாசல்ல செருப்புக்குக் காவலா?"

"இருபது வருஷமா ஒடுக்கு எடுக்கிற மாதிரியேதான் வாசிக்கிறீங்க. காது வலிக்குது மாமா."

தகரம் சிம்பல் தட்டு மாட்டும் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கினான். முதல் வீச்சிலேயே மச்சானின் தோளெலும்பு முறிந்தது. விழுந்தவனை விடவில்லை. இடுப்பில், தொடையில், தலையை மறைத்த கையில் என்று இறக்கினான். ஒலிப்பதிவாளர் தகரத்தின் கழுத்தைப் பிடித்து இழுத்தபோது இரும்பு வளைந்திருந்தது. தரையில் கிடந்த வயர்களெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் மனைவியிடம், "ஒரு தள்ளுதான் தள்ளினேன். ஸ்டாண்ட் மேல விழுந்துட்டான்" என்றான். மச்சானும் ஆமாம் போட்டான். தம்பியே சொல்லும்போது அவள் என்ன செய்வாள்? நம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, மச்சான் ஆல்பத்தோடு வந்தான். அவள் துணி தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசிப் பாட்டு வந்ததும், "இந்த டிரம்ஸ் நல்லா இருக்கே. ஒருவழியா நிதானமா வாசிச்சிருக்கீங்க" என்றாள்.

தகரம் நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தான். அந்தப் பாட்டுக்கு அவன் வாசிக்கவே இல்லை.

அவர்கள் அறையில் பதிவு எந்திரத்தை யாரும் நிறுத்துவதில்லை. தன்னை மறந்து வாசிக்கும்போதுதான் நல்ல வாசிப்பு வரும், அது பதிவாகாமல் போய்விடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. அடி விழுந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மச்சான் அந்த அடிச் சத்தத்தை இழுத்து, எதிரொலி சேர்த்து டிரம்ஸாக்கி, தன் அலறலை ஆர்கன் மாதிரி ஆக்கியிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வரும் தகரத்தின் மூச்சை மட்டும், அழகாக இருக்கிறதென்று, தொடாமல் விட்டிருந்தான்.

மூக்கால் இழுக்கிற அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். குளியலறைக் கதவு உடைந்த அன்று கேட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உதடு அசைய அடிகளை எண்ணினாள்.

"ஏழு" என்றாள். "ஒரு தள்ளுன்னு நீ சொன்ன."

பத்தொன்பது வருடத்தில் அவனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"நீயும்தானேடா பொய் சொன்ன?" என்று தம்பியைப் பார்த்தாள்.

"உன் குடும்பம் உடைஞ்சிடக் கூடாதுன்னுதான் அக்கா."

"அப்ப இத எதுக்குக் கொண்டுவந்து போட்ட?"

"அடையாளம் தெரியாதுன்னு நினைச்சேன். எங்க பாட்டுலயே இதுதான் நல்லா வந்திருக்கு."

தகரம் எழுந்து ஸ்பீக்கரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். சுவர்ப் பூச்சு பெயர்ந்து மச்சான் மடியில் கொட்டியது. மற்ற ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது, அதையும் மிதித்தான். தெறித்த சில்லு நெற்றியில் கீறி மச்சானுக்கு ரத்தம் வந்தது.

அவள் எழுந்து, தேய்த்த சட்டைகளை ஒரு பைக்குள் வைத்தாள். தேய்க்காத இரண்டையும் அப்படியே திணித்தாள்.

"பட்டறையில படுத்துக்க."

"அவன்தானே என்னைய பாண்ட விட்டு வெளிய தள்ளப் பார்த்தான்..."

"பைய எடு."

அவன் பார்வை அவள் முகத்தில் நின்றது. கை இறுகியது. மூச்சு மூக்கால் ஏறியது. அவள் நகரவில்லை. தம்பிதான் தோள் முறியாத கையை நடுவில் நீட்டினான்.

தகரம் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.