அக்காவுக்குச் சொன்ன சமையல்

இலங்கை மலைநாட்டைப் புயல் புரட்டிப் போட்ட அன்று மதுரையில் வெறும் தூறல்தான். கப்பலூரில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் மூடிக் கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் பெண் தன் செல்போனில் ஒரு படம் காட்டினாள். மலை ஒரு பக்கமாக உரிந்து செம்மண்ணாக வழிந்து கிடந்தது. மண்ணுக்குள்ளிருந்து தகரக் கூரைகள் துருத்திக்கொண்டிருந்தன. "இலங்கையாம்க்கா, பாவம்" என்றவள் அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டாள். என் அக்கா அந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்கள். அவர்கள் இந்தியாவுக்குத் திரும்பியபோது நான் சிறு பிள்ளை. அக்காவுக்கு அதற்குள் கல்யாணமாகியிருந்தது. புருஷன் வீட்டோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். அதன்பின் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே முறை. இப்போது அப்பா அம்மா இல்லை. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். பிள்ளைகள் கிடையாது. திருநகருக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட மிச்சமிருப்பவள் அக்கா ஒருத்திதான்.

அவளுடைய நம்பரைப் போட்டால், பதிவு செய்த குரல் முதலில் சிங்களத்தில் ஏதோ சொல்லும். பிறகு தமிழில், தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்லும். இடையில் துண்டிக்காமல் அதை முழுவதும் கேட்பேன். அக்காவின் ஊர்ப் பக்கமிருந்து வந்த சத்தம் அது ஒன்றுதான்.

ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போன் அடித்தது.

"பாப்பா, உசுரோட இருக்கோம்" என்றாள் அக்கா.

மலையில் கொஞ்சம் மேலே இருக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அடைந்திருந்தார்கள். மேலேயும் கீழேயும் ரோடு சரிந்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட ஓர் ஆட்டோவின் பேட்டரியில்தான் எல்லாப் போன்களுக்கும் முறைவைத்துச் சார்ஜ் போட்டார்கள். "சாப்பாட்டுக்கு என்னக்கா பண்றீங்க?" என்றேன்.

"ஹெலிகாப்டர்ல அரிசி போட்டாங்க. அரிசி இருக்கு, ஆக்கத்தான் முடியல. வெறகெல்லாம் ஊறிக் கெடக்கு. தீப்பெட்டியும் நமுத்துப்போச்சு. பிஸ்கட்டத் தண்ணியில நனைச்சுத் திங்கிறோம்."

அவ்வளவுதான் பேச முடிந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு லைட்டர், மெழுகுவர்த்தி, பால் பவுடர், உப்பு, காய்ச்சல் மாத்திரை என்று இரண்டு பைகள் நிறைய வாங்கினேன். மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பார்சல் ஆபீசுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பைகளைத் தொடக்கூட இல்லை.

"கொழும்பு வரைக்கும் போயிரும்க்கா. அங்கிட்டு மலைக்கு யாரு தூக்கிட்டுப் போவா? ரோடே இல்லேங்குறாங்க. கொஞ்சம் பொறுங்க."

"எம்புட்டு நாளைக்குண்ணே?"

"அத நான் எப்படிச் சொல்ல?"

வெளியே தள்ளுவண்டிகளில் கொய்யாவும் வாழைப்பழமும் குவிந்து கிடந்தன. ஹோட்டலில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. பைகளை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

அடுத்த முறை பேசியபோது அக்கா உதவி எதுவும் கேட்கவில்லை. "இன்னைக்கு என்னா ஆக்குன பாப்பா?" என்றாள். அன்று சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்திருந்தேன். சொல்லக் கூசியது. கஞ்சி என்றேன்.

"பொய் சொல்லாத. இங்கதான் ஒண்ணுமில்ல. நீ நல்லதா ஆக்குனேன்னு சொல்லு. காதாலயாவது சாப்பிடுறோம்."

சொன்னேன். பருப்பை வேகவைத்ததிலிருந்து கொத்தமல்லி தூவியது வரை சொன்னேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போலிருக்கிறது. நடுவில் யாரோ ஒரு பெண், "பெருங்காயம் போட்டீங்களா?" என்று கேட்டாள். பலர் சிரித்தார்கள்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அழைப்பு வந்தது. இல்லாததைச் சொல்ல மனம் வராமல் நிஜமாகவே சமைத்தேன். அயிரை மீன் குழம்பு வைத்தேன், கோழி வறுத்தேன், குடல் குழம்பு கூட வைத்தேன். அங்கே முகம் தெரியாத பெண்கள் அடுப்புப் பக்கத்தில் நிற்பதுபோல யோசனை சொன்னார்கள். ஒரு வயதான அம்மாவின் குரல் எப்போதும் கேட்கும். சர்க்கரை நோய்க்காரர், மருந்து தீரப்போகிறது என்று அக்கா சொல்லியிருந்தாள். "மதுரக்காரத் தங்கச்சி, நாளைக்கிக் கருவாட்டுக் கொழம்பு வையுங்க" என்றார் அவர் ஒருநாள்.

போனை வைத்தபிறகு அந்தச் சாப்பாட்டில் ஒரு வாய் கூட எனக்கு இறங்காது. டப்பாவில் போட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோவேன். "என்னக்கா, வீட்டுல விருந்தாளியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

மறுநாள் நெத்திலிக் கருவாடு வாங்கி, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்துவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தேன். அழைப்பு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, "கருவாடா? வாசம் தூக்குதே" என்றாள். சட்டியோடு கொடுத்துவிட்டேன். பழையபடி அந்தச் சிங்களக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்புப் பற்றவைக்கத் தோன்றவில்லை. கேஸ் நிறைய இருந்தது, அரிசி இருந்தது. ஆக்கினால் யாரிடம் சொல்வது?

வாரம் ஒன்று தாண்டியபின் வேறொரு நம்பரிலிருந்து அக்கா பேசினாள். ஆட்டோவில் பெட்ரோல் தீர்ந்து, பேட்டரியும் இறங்கிவிட்டதாம். இப்போது கீழ்ரோட்டை மண் வெட்டித் திறந்துவிட்டார்கள். லாரியில் அரிசி, பருப்பு, பாண், கேஸ் அடுப்பு எல்லாம் வந்துவிட்டன. பாண் என்றால் அங்கே ரொட்டி. எல்லாம் சொல்லிவிட்டு, "அந்தச் சக்கர நோய்க்கார அம்மா போயிருச்சு பாப்பா. மருந்து லாரி வர்றதுக்குள்ள போயிருச்சு. மதுரக்காரி பேசலையா, பேசலையான்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு" என்றாள்.

அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அம்மா செத்தபோது அழுததுபோல அழுதேன்.

ரோடு திறந்தபின் நான் அனுப்பிய பார்சல் தைப் பொங்கலுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அக்காவின் லயத்து வீடு, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று, இடியவில்லை. ஆனால் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருப்பதால் உள்ளே போகக்கூடாது என்றுவிட்டார்கள். புது வீடு தருவதாகச் சொல்லி, பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என்னோடு வந்து இரு என்று கூப்பிட்டேன்.

"மருமக கொழுந்தெடுக்கப் போயிட்டா பேரப்புள்ளைங்கள யாரு பாக்குறது?"

"பத்து நாளைக்காவது வாக்கா."

"வாரேன், வாரேன்" என்றாள். வரமாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது அங்கே கரண்ட் வந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் பேசலாம். அதனாலேயோ என்னவோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறோம். அவர்கள் பட்டினி கிடந்த நாட்களில்தான் எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. வெளியே சொல்லக்கூடாத பேச்சுதான். ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் வெக்கை தாங்கவில்லை, புது வீட்டுக்கு இன்னும் இடமே காட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"வெச்சிடவா பாப்பா? தண்ணி வண்டி வந்திருச்சு."

"சரிக்கா, போ" என்றேன்.