படகிலிருந்து எடுத்த இன்ஜின்

சுரக்குடி தாண்டி, நின்றுபோன லாரியை ஓரங்கட்டிவிட்டு, வந்த வழியே நடந்துகொண்டிருந்தேன். கும்பகோணம் சந்தைக்குப் போகவேண்டிய மீன் அதில் கிடந்தது. ஐஸ் உருகித் தார்ரோட்டில் சொட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பட்டினச்சேரி வரை போய் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் லாரி அது. எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியதும், பலரைப் போல முதலாளியும் டீசல் இன்ஜின் மாற்ற நினைத்தார். காரைக்கால் பட்டறை மேஸ்திரி இரண்டு வழி சொன்னார். பஸ்ஸிலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று இருந்தது. சரிசெய்து ஏற்ற இரண்டு மாதம் ஆகும். இல்லையென்றால், உடைத்த விசைப்படகில் இருந்த நாலு சிலிண்டர், ஒரே வாரம்.

"போட்டுல ஓடுனது ரோட்டுல வேகம் எடுக்காதுங்க," என்றார்.

முதலாளிக்குப் படகுத் தொழில். கடலில் ஒருநாளும் கைவிடாத இன்ஜின் தரையிலா கைவிடும் என்பது அவர் கணக்கு. இருந்தாலும் என்னைப் பார்த்தார். "டீசல் வண்டி ஓட்டுனவன் நீதான். சொல்லுடா."

இரண்டு மாதம் வேலையில்லாமல் என்னால் இருக்க முடியாது. "படகு இன்ஜினே போதும் மொதலாளி," என்றேன்.

இன்ஜின் மாற்றிய லாரி மணிக்கு இருபது மைலைத் தாண்டவில்லை. திருநள்ளாறு டீக்கடையில், "என்னண்ணே, லாரி வருதா, லாஞ்சு வருதா?" என்பார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். சூட்டைத்தான் இன்ஜின் தாங்கவில்லை. கடல்தண்ணீரில் குளிர்ந்து ஓடியது அது. உள்ளே தண்ணீர் போகும் வழியெல்லாம் உப்பு இறுகியிருந்தது. வாய்க்கால் தண்ணீரை எத்தனை வாளி ஊற்றினாலும் ரேடியேட்டர் கொதித்தது. அன்று அடியோடு நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"மீனு?"

"போச்சு மொதலாளி."

"அன்னிக்கே ஒனக்குத் தெரியாதா?"

"மெதுவாப் போவும்னு தெரியும். உப்பு தெரியாது. சீக்கிரம் வேலை வேணும்னு சொல்லிட்டேன்."

பக்கத்தில் கூடை கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி, "இவன் வண்டிக்கு முன்னால நண்டு போய்ச் சேந்துரும்," என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. "பஸ் இன்ஜினையே போடச் சொல்றேன். அத ஓட்ட வேற ஆளு பாத்துக்கறேன். நீ இந்த இன்ஜின் உப்பச் சொரண்டு. படகுக்காவது ஆவட்டும்."

சாயங்காலமே லாரியை இன்னொரு வண்டியில் கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். மறுநாள் காலை அங்கே போனேன். மேஸ்திரி ஒரு சுத்தியலும் தேய்ந்த ஸ்க்ரூடிரைவரும் தந்தார். இன்ஜினை இறக்கியதும் உட்கார்ந்து உப்பைத் தட்ட ஆரம்பித்தேன்.