இரண்டாவது விளக்கு

அந்தப் பரீட்சையில் நான் தேறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்துப் பையன் காரில் போய்ப் பரீட்சை எழுதி வென்ற கதை என்று நம்பி யாரும் கடைசிவரை வாசித்து ஏமாற வேண்டாம். இது ஒரு முன்விளக்கைப் பற்றியது.

கார் மாமாவுடையது. மாமாவைவிட, ஏன், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கூரைத் தகரத்தைவிடவும் வயது கூடிய மொரிஸ் மைனர். கண்டியில் கராஜ் ஒன்றில் வேலை செய்த மாமா, யாரோ வீட்டுப் பின்வளவில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் காரை வாங்கி, தானே பழுது பார்த்து, கலஹாவுக்கு மேலே எங்கள் தோட்டத்துக்கு ஓட்டிவந்து லயத்து வாசலில் நிறுத்தினார். தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் கார் நிற்கலாம். லயத்து வாசலில் நின்றது பெரிய கணக்கப்பிள்ளை ஐயாவுக்குச் செரிக்கவில்லை. அடுத்த வாரமே பங்களா ரோடு தொடங்கும் கேட்டில் ஒரு பலகை முளைத்தது. பனிமூட்ட நேரத்தில் இரண்டு முன்விளக்கும் எரியாத வாகனம் பங்களா ரோட்டில் போகக் கூடாதாம். வெளியே போக அது ஒன்றுதான் ரோடு. தோட்டத்து லொறிக்கும் ஒற்றை விளக்குத்தான் எரிந்தது; லொறிக்கு வாசிக்கத் தெரியாது என்று விட்டுவிட்டார்கள் போலும். எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பலகையை அம்மாவுக்கும் மாமாவுக்கும் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியதும் நான்தான்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் நாள் காரின் இடது விளக்கு கண்ணை மூடிக்கொண்டது. விடிந்தால் ஞாயிறு, முதல் பஸ் மேலே ஏறி வருவதற்குள் பரீட்சை தொடங்கிவிடும். மாமா பேராதனைக்கு ஓடிப்போய் ஒரு பல்ப் வாங்கி வந்தார்.

பின்னேரம் வாசலில் உட்கார்ந்து, வெள்ளி வளையத்தின் அடியிலிருந்த திருகாணியைக் கழற்றினார். வளையம் கையோடு வந்தது. விளக்குக் கிண்ணத்தை வெளியே இழுத்து, பின்னாலிருந்த வயரைப் பிடுங்கி, கருகிப்போன பழைய பல்பை எடுத்தார். புதியதைத் துணியால் பிடித்து என் கையில் கொடுத்தார்.

"கண்ணாடியில வெரல் படக் கூடாதுடா. வெரல்ல இருக்கிற எண்ணெ பட்டாலே சூட்டுல வெடிச்சிரும். இதெல்லாம் ஒன் புஸ்தகத்துல இருக்காது."

அப்போது பார்த்து ஒரு திருகாணி காருக்கு அடியில் உருண்டது. மாமா தேடப் படுத்தார்.

ஆயுத பூசைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குக்கூடச் சந்தனப் பொட்டு வைக்கிறவர்கள் நாங்கள். பரீட்சைக்குப் போகிற காரில் ஒரு புதுச் சாமான் பொட்டில்லாமல் ஏறுவதா? காலையில் கோயிலிலிருந்து எனக்காக அம்மா கொண்டுவந்த சந்தனமும் குங்குமமும் இலையில் இருந்தன. விரல் படக் கூடாது என்றுதானே மாமா சொன்னார்? நான் ஈர்க்குச்சியால் பல்பில் பொட்டு வைத்தேன்.

மாமா கவனிக்காமல் பூட்டினார். விளக்கு எரிந்தது. மற்றதைவிடக் கொஞ்சம் கூடவே எரிவதாக எனக்குப் பட்டது.

மறுநாள் காலை வெள்ளைச் சுவர்போல் பனி. அந்த ஞாயிறு மலையில் வேலை இருந்ததால் அம்மா முதுகில் கூடையோடு கேட்வரை வந்தாள். மற்றப் பெண்களும் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போக அங்கேதான் கூடியிருந்தார்கள். கேட்டில் நின்ற கணக்கப்பிள்ளை ஐயாவின் கண் முன்னாலேயே இடது விளக்கு 'டப்' என்று வெடித்தது.

"என்னா டிரைவரே, ஒத்தக் கண்ணா? பலகையில போட்டிருக்கே, வாசிக்கத் தெரியாதா?"

"தெரியாதுங்க ஐயா. தெரிஞ்சவனத்தான் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மாமா வளையத்தைக் கழற்றிப் பார்த்தார். உடைந்த கண்ணாடித் துண்டில் மஞ்சளாக என் பொட்டு. என்னை ஒரு தரம் பார்த்தார். கட்டைவிரலால் அதைத் துடைத்துத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கடக்காரன் பழசத் தள்ளிவுட்டுட்டான்க்கா" என்றார் அம்மாவிடம்.

"அப்ப வண்டியத் திருப்பு" என்றார் ஐயா.

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். காருக்குள்ளிருந்த டோர்ச்சை எடுத்து ஏற்றி, செத்த விளக்கின் பக்கத்தில் போய் நின்றாள்.

"எண்ணிப் பாருங்க ஐயா. ரெண்டு வெளக்கு எரியுதா இல்லையா?"

"ஏய், இது வெளையாட்டு இல்ல. பெரட்டுக்குப் போ. பிந்துனா இன்னைக்குப் பேரு விழாது, சம்பளமும் இல்ல."

"விழ வேணாம். ரெண்டு வெளக்குன்னுதான போட்டிருக்கு? காருலதான் ஒட்டியிருக்கணும்னு போடலையே. எம் மகன் வாசிச்சுச் சொன்னான். தம்பி, நீ வண்டிய எடு."

"அக்கா, ஹோர்னையும் நீங்களே அடிச்சிருங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெண்கள் சிரித்த சிரிப்பில் கேட் காவல்காரரும் சிரித்துவிட்டார். கேட்டுச் சங்கிலி கீழே விழுந்தது. ஐயா சொல்லிக் காவல்காரர் அவிழ்த்தாரா, சொல்லாமலே அவிழ்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா இடது விளக்குக்கு நேர் முன்னால் நடந்தாள். கார் அவள் வேகத்துக்கு முனகிக்கொண்டு ஊர்ந்தது. முதல் வளைவு தாண்டியதும் பனி விலகிப் பளீரென்று வெயில். அம்மா டோர்ச்சை அணைக்கவில்லை.

நான் கண்ணாடியை இறக்கி, "அம்மா, வெயில் வந்திருச்சு. நூத்துங்க, பெட்டரி போயிரும்" என்று கத்தினேன்.

"பேசாம இருடா" என்றார் மாமா.

பங்களா வாசலில் துரை தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். அம்மா தலையைக் குனியவில்லை, ஒதுங்கவுமில்லை. ரோட்டின் நடுவே, வெயிலில் கண்ணுக்கே தெரியாத அந்த வெளிச்சத்தை நீட்டிப் பிடித்தபடி பங்களாவைக் கடந்து, தார் ரோட்டில் கால் வைத்த பிறகுதான் அணைத்தாள்.

பரீட்சை மண்டபத்தில் கணக்குக்குப் பதில் வீணாய்ப்போன பெட்டரிதான் என் தலைக்குள் ஓடியது. பாவம், அம்மாவுக்கு டோர்ச்சை அணைக்கத் தெரியவில்லை, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன். பனிக்காகத்தான் அம்மா விளக்குப் பிடித்தாள் என்று நான் நினைத்திருந்தேன்.