மகள் சொல்லாத காரணம்

எனக்கு எழுபத்துமூன்று முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேரைப் பற்றி எழுத எனக்குப் பயமில்லை. மூத்த மகளைப் பற்றி எழுதத்தான் பயம். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வரி முடிப்பதற்குள் அடுப்பில் பருப்பு வெந்துவிடும். ஆனாலும் திங்கட்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். அன்றைக்குத்தான் பெங்களூரில் வேலைக்காக அவளைத் திரும்பவும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போகிறார்கள்.

தங்கம் எடுத்தது போக மில்லு தள்ளின மண், மாரிகுப்பத்தில் சுரங்கக்காரர்களுக்குக் கட்டின எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் மலை மாதிரி நிற்கிறது. சைனைடு மேடு என்போம். செடிகளைப் பற்றிப் பெரிய படிப்பு படித்துக்கொண்டிருந்த காலத்தில் மகள் அதன் அடியில் முளைத்த குப்பைக்கீரையை வேரோடு பிடுங்குவாள். மண் உதறி, பழைய பேப்பரில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ரயிலுக்குத் தூக்கிப் போவாள். எதற்கு என்றேன். "ஆராய்ச்சிம்மா" என்றாள். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதை வைத்து அவள் இங்கிலீஷில் எழுதின கட்டுரை பெரிய பேர் வாங்கியது. பின்னால் எழுதுகிறவர்கள், இன்னார் இப்படிச் சொன்னார் என்று அவள் பேரைப் போட்டு எழுதுவார்களாம். எத்தனை பேர் அப்படிப் போடுகிறார்களோ அவ்வளவு மதிப்பாம். குழாயடியில் நான் சும்மா இருப்பேனா? "இன்னாக்கா, கீரையைப் பத்தி எழுதவா உன் பொண்ணு பெங்களூர் போனா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்ணினாள். "உன் ஊட்டுக்காரு பேச்சை உன் ஊட்லயே எவனும் கேக்கறதில்ல. என் பொண்ணு பேச்சை சீமையில கேக்கறாங்கடி" என்றேன். குடம் நிரம்பி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

அவ்வளவு பத்திரமாக எடுத்துப் போன கீரை சாதாரணக் கீரையாக இருக்குமா? சத்து இருக்கப் போய்த்தானே சீமைக்காரன் வரைக்கும் பேசுகிறான்? நானும் அங்கேயே பறிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது மகனின் பெண் குழந்தை என்னிடம்தான் வளர்ந்தாள். அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் அதைக் கடைந்து ஊட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வந்திருந்தாள். களியும் கீரையும் வைத்தேன். இரண்டு வாய் தின்றவள் தட்டையே பார்த்தாள்.

"எங்கம்மா பறிச்ச?"

"நீ பறிச்ச அதே எடத்துலதான். நல்லாருக்கா?"

அவள் எழுந்து ஓடி, குழந்தையின் வாயில் விரலை விட்டு, இருந்த கவளத்தைத் தோண்டி எடுத்தாள். குழந்தை வீறிட்டது. "இன்னாடி பண்ற, பைத்தியமா?" என்று கத்தினேன். "அது வெஷம்மா. மண்ணுல இருக்கிற வெஷத்தையெல்லாம் அந்தக் கீரை உறிஞ்சி வச்சிருக்கு. அதைத்தாம்மா எழுதினேன்" என்றாள்.

எல்லோருக்கும் பரிசோதனை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் குழந்தை தும்மினால்கூட என் உயிர் போய் வந்தது. கடைசியில் டாக்டர், உடம்பில் விஷம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, கீரையை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றார். அப்போதும் எனக்கு என் கௌரவம்தான் பெரிதாக இருந்தது. குழாயடியில் என்ன சொல்வார்கள்? நான்தான் ஊட்டினேன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று மகளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினேன்.

அதோடு அவள் செடியை விட்டுவிட்டாள். ஆராய்ச்சியில் கண்ட சேதி அடுப்படி வரைக்கும் ஏன் வந்து சேர்வதில்லை என்பதைத் தேடப் போனாள். தகவல் தொடர்பு என்று அதற்குப் பேர். எங்கள் லைனில் வீடு வீடாக உட்கார்ந்து, மேட்டில் வைத்த எச்சரிக்கைப் பலகையை யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று கேட்டு எழுதினாள். அந்தக் கட்டுரைகளை எடுத்துப் பேச ஆளில்லை. செடிக் கட்டுரைகளுக்குத்தான் இன்றைக்கும் மதிப்பு ஏறுகிறதாம்.

போன வருஷம் பேராசிரியர் வேலைக்குப் போனபோது, இரண்டு கட்டுக் கட்டுரைகளையும் மேஜையில் வைத்துக் கேட்டார்களாம்: "இவ்வளவு பேர் மதிக்கிற துறையை விட்டு ஏன் இதுக்கு வந்தீங்க? அங்க சரக்கு தீர்ந்துபோச்சா?" அவள் வாயே திறக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. "சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி" என்று நான் அழுதேன். "உனக்கு வாக்கு குடுத்தேனேம்மா" என்றாள்.

திங்கட்கிழமையும் அதே கேள்விதான் வரும். ஆகையால் நானே எழுதுகிறேன். விஷக்கீரையைப் பறித்துக் குழந்தைக்கு ஊட்டின பொம்பளை நான்தான். அவள் துறை மாறினது என்னால்தான். இனி அதை அவள் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். குழாயடியிலும் சொல்லட்டும்.

அன்றைக்கு அந்தக் கீரையைத் தின்ற குழந்தை இப்போது காலேஜுக்குப் போகிறாள். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்தா, கண்ணு, வாங்கிப் படிச்சுக் காட்டு. தப்பு இருந்தா திருத்து. நான்தான்னு எழுதின வரியை மட்டும் தொடாத. அதைச் சத்தமாப் படி.