ஐயாயிரம் குறையாமல்

கர்ப்பிணி யாராவது எதிரே வந்தால் தலைமை எழுத்தர் குடையை மடக்கிக்கொண்டு சரிவின் ஓரமாக ஒதுங்கி நிற்பார். தான் நனைவது அவருக்குப் பொருட்டில்லை. "பாத்தும்மா, வழுக்கும். எத்தனையாவது மாசம்?" என்று கேட்டு, பதிலைச் சட்டைப்பையிலிருக்கும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். வயதானவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. அவர்களில் யாராவது இருமினால் முறைப்பார்.

நான் வேலை பார்க்கும் நகராட்சி அவ்வளவு சிறியது. மூன்று தெரு, ஒரு சரிவு, வருடத்தில் எட்டு மாதம் மேகம். நகராட்சி என்ற பெயர் நிலைக்க ஐயாயிரம் பேர் இருக்க வேண்டும். வருடக் கடைசியில் மேலிடத்துக்குப் போகும் தலைக்கணக்கில் ஒருவர் குறைந்தாலும் அடிவாரத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் தலைவருக்குச் சுழல் நாற்காலி இல்லை. உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கும் கூட்டம் போட்டுக் கொட்டாவி விட இடம் இல்லை. இந்த ஒன்பது பேருடைய கொட்டாவியைக் காப்பாற்றுவதைத் தன் பிறவிப்பயனாக எடுத்துக்கொண்டவர்தான் தலைமை எழுத்தர்.

ஊர்ப் பதிவேட்டை அவர் பிள்ளையைப் போல வளர்க்கிறார். ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு குண்டு பல்பு எரியும். அலுவலகக் கழிவறையில் பல்பு கிடையாது. பிறப்பு என்றால் அன்றே பதிந்துவிடுவார். செய்தி வந்தால் பதிவேட்டை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே ஏறிப் போவார். இறப்பு மனுக்களுக்கு ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதன் மூடியில் 'விசாரணையில்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். பதிவேட்டில் சரியாக ஐயாயிரம் பேர். அதில் பதினோரு பேர் இடுகாட்டில் இருக்கிறார்கள்.

பதினோராவது ஆள், மின்கம்பத்திலிருந்து விழுந்து இறந்துபோன லைன்மேன். சாவு ஊரறிந்தது. ஊர்வலத்தில் முன்வரிசையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தவரே நம் தலைமை எழுத்தர்தான். கைக்குட்டையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, "இறப்பு இன்னும் உறுதியாகலை" என்றார்.

மின்வாரியத்தில் இறந்தவர் வேலையை மனைவிக்குத் தருவார்கள். ஆனால் ஒரு வருடத்துக்குள் இறப்புச் சான்றிதழோடு மனு போட வேண்டும். லைன்மேனின் மனைவி பதினோரு மாதமாக எங்கள் அலுவலகப் படியேறிக்கொண்டிருந்தாள். வந்தபோதெல்லாம் எழுத்தர் அவளுக்கு நாற்காலி போடச் சொல்வார். அதில் குறை வைக்கமாட்டார்.

"ஜனவரி ரெண்டாந்தேதி வாங்கம்மா. முதல் வேலையா போட்டுத் தர்றேன்."

"டிசம்பர் இருபதோட வருஷம் முடியுது சார்."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். டீச்சரம்மாவுக்கு நாள் நெருங்கிடுச்சு. அந்தப் புள்ள வந்த அன்னிக்கே உங்க வீட்டுக்காரரை எடுத்துடறேன். கணக்கு ஆடாது."

பஸ்ஸில் ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம் என்கிற தொனியில் இதைச் சொன்னார். ஊரும் அவர் பக்கம்தான். பேக்கரிக்காரர் அவளிடம், "ஊருக்காகப் பொறுத்துக்கம்மா. அண்ணன் போனாலும் பேரு இருக்குதில்ல?" என்றார். முடிதிருத்தும் கடைக்காரருக்கு வேறு கவலை. தன் பலகையில் 'நகராட்சி எதிரில்' என்று போன மாதம்தான் பெயின்ட் அடித்திருந்தார்.

எழுத்தரை மட்டும் இகழ்ந்துவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. 'விசாரணையில் உள்ளது' என்ற பதில் கடிதத்தை மூன்று முறை டைப் செய்து கொடுத்தது நான். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன், தற்காலிக வேலை, வாயைத் திறந்தால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் உண்மைதான். அது போதுமான காரணமா என்று இன்றுவரை தெரியவில்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி மாலை அவள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "வேற வழியே இல்லையா தம்பி?" என்று கேட்டாள். விதிப் புத்தகத்தில் படித்திருந்த ஒன்றைச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் நாலு மணிக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. நாலு தாளை மேசையில் வைத்தாள். ஒன்றில் கைநாட்டு.

"என்னம்மா இது?"

"ஊரைவிட்டுப் போற மனு சார். நானு, ரெண்டு பொண்ணுங்க, மாமியாரு. இதுக்கு விசாரணை கிடையாதாமே? குடுத்த அன்னிக்கே பேரை எடுக்கணுமாமே?"

"அவசரப்படாதீங்கம்மா. பொறந்து வளர்ந்த ஊரு..."

"அவரு இங்கயே இருக்கட்டும் சார். உங்களுக்குத்தான் அவரு வேணும். நாங்க வேண்டாம். ஐயாயிரத்துல நாலு போனா எவ்வளவுன்னு நீங்களே கழிச்சுப் பாத்துக்குங்க."

அவர் கழித்துப் பார்த்தார். உதடு அசைந்தது தெரிந்தது. ஒன்று போனால் டீச்சரம்மாவின் பிள்ளை வந்து நிரப்பிவிடும், நாலை நிரப்ப ஆளில்லை என்ற கணக்குக்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் பத்து நிமிட வேலை. பதினோரு மாதம் உறுதியாகாத சாவை அவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினார். தேதி எழுதினார். நேரம், காலை பத்தே முக்கால். காரணம், மின்கம்பத்திலிருந்து விழுந்தது. எந்தக் கம்பம் என்றுகூட எழுதினார். அதற்குப் படிவத்தில் இடமே இல்லை. முத்திரை குத்தி, மை காய வாயால் ஊதி நீட்டியபோது, "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா..." என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. சான்றிதழை வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்தாள். கணவன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்த இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்புறம் மேசையிலிருந்த நாலு தாளையும் ஒன்றொன்றாக எடுத்து, அதே பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"அதான் வேலை முடிஞ்சிடுச்சே. அது எதுக்கும்மா?"

"இருக்கட்டும் சார்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. தலைமை எழுத்தர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கண்ணாடி முழுக்க மேகம் படிந்திருந்தது. உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்து, அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அவள் வீட்டுப் பக்கம் ஏறுகிறாளா, பஸ் நிலையத்துப் பக்கம் இறங்குகிறாளா என்று பார்த்தபடி மூச்சை அடக்கி நின்றார்.