ஹரிட்லி என்று நான் அடித்த மெமோ பதில்

"அண்ணே, என் வேலை போயிரும் போலருக்கு. நீங்க என்னண்ணே எழுதுனீக?"

பிரைவேட் பஸ் டிரைவர் பெரியகருப்பன் என் மேஜைமேல் ஒரு மெமோவைப் போட்டான். ஒரு வாரத்துக்குள் அவனுக்கு வந்த இரண்டாவது மெமோ அது.

எழுபதுகளின் கடைசி. மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை வாசலில் டைப்ரைட்டர் வைத்திருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. இங்கிலீஷ், பழைய பேப்பரையும் அட்டை போன டிக்‌ஷனரியையும் வைத்து நானாகப் பிடித்துக்கொண்டது. அப்படிப் பிடித்ததில் 'ஹரிட்லி' எனக்குச் செல்ல வார்த்தை. அவசர அவசரமாக என்று அர்த்தம். அதைப் போட்டால் கடிதத்துக்கே ஒரு மிடுக்கு வந்துவிடும் என்று நினைப்பு.

நடந்தது இதுதான். மதுரை போகும் வழியில் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. பெரியகருப்பன் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால், வழியில் காத்திருந்தவர்கள் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார்கள். நிறுத்தாததற்கு விளக்கம் கேட்டு முதல் மெமோ வந்தது. பதிலை அடித்துக் கொடுத்தவன் நான்.

இங்கிலீஷில் அடித்ததைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குவேன். அது என் வழக்கம். அன்றைக்கு ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மேஜையைச் சுற்றிக் கூட்டம். வாசிக்காமலே கையெழுத்து வாங்கிவிட்டேன்.

இரண்டாவது மெமோ கேட்டது: பயணிகளை வைத்துக்கொண்டு ஹரிட்லி ஓட்டியதாக நீரே ஒப்புக்கொண்டிருக்கிறீர், உம்மை ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது?

"ஆஸ்பத்திரிக்குத்தான மாப்ள போன? அவசரந்தான?" என்றேன்.

"அவசரம் அந்தப் புள்ளைக்குண்ணே, எனக்கில்ல. ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டா அது என்னத்துக்கு ஆகும்? முட்டைக்கூடைய மடியில வச்சிருக்க மாதிரில்ல உருட்டிக்கிட்டுப் போனேன்!"

மறுநாள் கடையைத் திறக்காமல் அவனோடு கம்பெனி ஆபீசுக்குப் போனேன்.

"டைப் அடிச்சவரே சாட்சிக்கு வந்துட்டாராக்கும்?" என்றார் மேனேஜர்.

"சார், கையெழுத்து அவருது. வார்த்தை என்னுது. வாசிச்சுக் காட்டாம வாங்கிட்டேன்."

"இன்னைக்கு இப்படிச் சொல்லுவீங்க, நாளைக்கு வேற மாதிரி அடிப்பீங்க. நான் எதைய்யா நம்புறது?"

பெரியகருப்பன் மெதுவாகச் சொன்னான்: "டிரிப் ஷீட்டப் பாருங்க சார்."

வண்டி கிளம்பிய நேரமும் போய்ச் சேர்ந்த நேரமும் குறிக்கிற தாள் அது. மேனேஜர் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு ஸ்டாப்புலயும் நிக்கல. அப்படியும் பன்னெண்டு நிமிஷம் லேட்டா? ஆஸ்பத்திரி வாசல்ல எவ்வளவு நேரம் நின்ன?"

"ரெண்டு நிமிசம் சார்."

அவர் சிரித்துவிட்டார். "உனக்குப் போய் ஹரிட்லியா! மாட்டு வண்டி உன்னைய முந்தியிருக்குமேடா." பிறகு என் பக்கம் திரும்பினார். "வேகமாப் போறதுக்கு வேற வார்த்தை இருக்குய்யா. இது நிதானம் தப்பிப் பதறுறவனுக்கு. ஒழுங்கா வேற பதில் அடிச்சுக் கொண்டா."

ஸ்டாப்பில் நிறுத்தாததற்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டார்கள். வேலை தப்பியது.

அந்த வார்த்தைக்குப் பொருத்தமான ஆள் இந்த விவகாரத்தில் ஒருத்தன்தான். கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசிக்காமல் கையெழுத்து வாங்கிய நான். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வாசலில் எத்தனை பேர் நின்றாலும் அடித்ததை வாசித்துக் காட்டுங்கள். அந்தத் தாளில் இருப்பது அவன் பிழைப்பு.

அன்று சாயங்காலம் புதுப் பதிலை அடித்து, வரிவரியாகத் தமிழில் சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டினேன். பெரியகருப்பன் வாங்கவில்லை. பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டான்.

"இன்னொருக்கா வாசிங்கண்ணே. நமக்கென்ன அவசரமா?"