நேர் லைனின் சிவப்பு விளக்கு

என் மேசைமேல் இருந்த தொலைபேசியில் எட்டுப் பொத்தான்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மிளகளவு ஒரு சிவப்பு விளக்கு. யாராவது பேசிக்கொண்டிருந்தால் விளக்கு நின்று எரியும். மணி அடிக்கும்போது படபடவென்று துடிக்கும். அழைத்தவரை ஹோல்டில் போட்டுவிட்டால் மெதுவாக, மூச்சு விடுவதுபோல, அணைந்து அணைந்து எரியும். பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் நிர்வாக அதிகாரியாக அந்த மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தேன். உடன் வேலை பார்த்தவர்களில் பாதிப்பேரின் முகம் இப்போது நினைவில் இல்லை. அந்த மெதுவான துடிப்பு மட்டும் இருக்கிறது.

அதே விளக்குகள் ஆபரேட்டரின் பலகையிலும் எரியும். என் அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வருகிற பெண். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து, கல்தூசியில் நுரையீரல் கெட்டுப்போய் வீட்டோடு இருந்தவர். "ரயில்ல தூங்கி முடிச்சிட்டுத்தான் சார் வரேன். போர்டுல தூங்கினா இந்த லைட்டுங்க கண்ணக் குத்திடும்" என்பார். எல்லா அழைப்புகளும் அவர் வழியாகத்தான் வரும், ஒன்றைத் தவிர. அது என் மேசைக்கு நேராக வரும் லைன். ஊழியர்களின் வீட்டிலிருந்து அவசரம் என்றால் அதில்தான் கூப்பிட வேண்டும் என்பது நான் செய்த ஏற்பாடு. வீட்டுப் பேச்சால் அலுவலக லைன் அடைபடக் கூடாதல்லவா? நேர் லைனின் மணி ஆபரேட்டருக்குக் கேட்காது. விளக்கும் பொத்தானும் மட்டும் அவர் பலகையிலும் உண்டு.

ஒருமுறை ஒருவரை ஹோல்டில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். விளக்கு வெகுநேரம் துடிப்பதைப் பார்த்த ஆபரேட்டர், பாவம் என்று பொத்தானை அழுத்தி, "சார் இப்ப வந்துடுவார், கொஞ்சம் இருங்க" என்று சொல்லியிருக்கிறார். காத்திருந்தவர் தலைமை அலுவலகத்து ஆள். ஆபரேட்டர் ஒட்டுக்கேட்கிறாள் என்று புகார் செய்தார். அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மெமோ கொடுத்தேன். இனி ஒருவர் ஹோல்டில் போட்ட லைனை இன்னொருவர் தொடக்கூடாது என்று அதில் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரொம்ப நேரம் மினுக்கிட்டே இருந்தாக்கூடவா சார்?"

"இருந்தாலுந்தான்" என்றேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் நேர் லைன் அடித்தது. தங்கவயல் மருத்துவமனையிலிருந்து ஆபரேட்டரின் தம்பி பேசினான். "சார், அப்பாவுக்கு முடியல. நர்ஸ் டேபிள் போனுக்குப் பக்கத்துலயே படுக்க வெச்சிருக்காங்க. அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னு கேக்கறாரு. கொஞ்சம் குடுங்க சார்." பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறுவது கேட்டது. "ஒரு நிமிஷம் இருப்பா" என்று ஹோல்டில் போட்டேன். எழுந்து நாலு எட்டு வைத்தால் ஆபரேட்டரின் இடம். நான் எழுந்தபோதே வாசலில் மேனேஜர் நின்றார். புதுக் கட்டடத்தின் வரைபடம் வந்திருக்கிறது, வாருங்கள் என்றார். இதோ வந்துவிடலாம் என்று நினைத்துப் போனேன். யாருக்கு ஜன்னலோரம், யாருக்குத் தனி அறை என்று பேச்சு வளர்ந்தது. காபி வந்தது. கொண்டுவந்த அட்டெண்டர் குனிந்து, "சார், உங்க போன்ல லைட் மினுக்கிட்டே கீது" என்றார்.

"மினுக்கட்டும்ப்பா. லைன் எங்க ஓடிடப் போவுது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். என்ன அழைப்பு என்பது அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை.

திரும்பி வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. அப்போதுதான் தம்பியின் குரல் நினைவுக்கு வந்தது. ஆபரேட்டரிடம் போய், "இப்பதாம்மா போன் வந்துது. அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம், கெளம்பு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் மருத்துவமனையை அடையும்முன் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து வந்தவர் எதுவும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை, தினமும் காலையில் "குட் மார்னிங் சார்" என்று அதே குரலில் சொன்னார். அவருக்குத் தெரியாது என்று ஒருநாள் நினைப்பேன். தம்பி சொல்லாமலா இருப்பான் என்று மறுநாள் நினைப்பேன். அவருடைய அப்பா எப்படியும் பிழைத்திருக்கமாட்டார், பேசியிருந்தால் மட்டும் என்ன என்றுகூட எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் எலெக்ட்ரானிக் சிட்டியில் மகனோடு இருக்கும் அவரைத் தேடிப் போனேன். அவருக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. "கால் வலியோட இவ்ளோ தூரம் எதுக்கு சார், ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஹோல்டில் போட்டது, காபி குடித்தது, சிரித்தது, பொய் சொன்னது.

"தெரியும் சார்" என்றார். "தம்பி அன்னைக்கே சொல்லிட்டான். அவன் சொல்றதுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டுத்தான இருந்தேன். இருபது நிமிஷத்துக்கு மேல மினுக்குச்சு. பாவம், யாரு வீட்டு அவசரமோன்னு கீ மேல வெரல் வெச்சேன். மெமோ ஞாபகம் வந்துச்சு. எடுத்துட்டேன்." தன் வலது கைச் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அழுத்தியிருந்தா அப்பா கொரல கேட்டிருப்பேன். வேலை போனா போவுதுன்னு அழுத்தியிருக்கணும். நான்தான் சார் பயந்துட்டேன். இத்தன வருஷமா அத நெனைச்சுத்தான் என்னையே திட்டிக்கிறேன்."

"ஐயோ, உன் மேல என்னம்மா தப்பு? எல்லாம் என் தப்பு" என்றேன்.

அவர் விரலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.